எந்த மாடி, லிஃப்ட் இருக்கா?

மார்ச் 3, திங்கள்

காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. ஊரார் வீடு மாற்றினால்தான் நமக்குப் பிழைப்பு. கண்ணாடி அலமாரி முழுக்க "கவனம், உடையும்" என்ற சிவப்புச் சீட்டு ஒட்டினேன். அலமாரிக்கு முந்தி வீட்டுக்காரம்மாதான் உடைந்துவிடுவார் போலிருந்தது.

ஞாயிறன்று சம்பந்தி வீட்டாரோடு முதல் சாப்பாடு. பாப்பா இப்போதே மிரட்டுகிறாள்: "அப்பா, அவரோட அம்மா காலேஜ்ல இங்கிலீஷ் எடுக்கறவங்க. பேச்சு பூரா இங்கிலீஷ்தான். நீங்க சும்மா சிரிச்சா போதும்."

எந்த மொழியில் சிரிக்க வேண்டும் என்று கேட்டேன். முறைத்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மாப்பிள்ளைதான் "மாமா, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று எழுப்பிவிட்டார். என்னத்தைப் பேச? சின்ன வயதில் பாப்பா காலி அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, "என்னையும் வண்டியில ஏத்துப்பா" என்று அடம்பிடிப்பாள். அதைச் சொன்னேன். "இத்தனை வருஷம் ஏத்தாம ஏமாத்திட்டேன். இனிமே முடியாது" என்று உட்கார்ந்துவிட்டேன்.

சம்பந்தியம்மா என் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். அதில் "வெரி மூவிங்" மட்டும் காதில் விழுந்தது. அது நம்ம வார்த்தையாயிற்றே! வீடு மாற்றச் சொல்லி ஆபீசுக்கு வரும் போனில் பாதி அதுதான். "எந்த மாடிங்க? லிஃப்ட் இருக்கா?" என்று ஆபீஸ் கார்டை நீட்டினேன்.

கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல" என்றார். தமிழில்!

சாப்பிடப் போன இடத்திலும் ஆர்டர். நானா கொக்கா?

அதே நாள், மறுபடியும்

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். பாப்பா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஐயோ அப்பா! பேச்சு மூவிங்னா மனசை உருக்கிடுச்சுன்னு அர்த்தம். கண்கலங்கி நின்னவங்ககிட்ட கார்டை நீட்டியிருக்கீங்களே!"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவி தன் பங்குக்கு: "கட்டிக்கிட்ட நாள்லேருந்து என் மனசு இருந்த இடத்துலயே இருக்கு. ஒரே சாப்பாட்டுல அவங்களை உருக்கிட்டீங்க."

ஒரே வார்த்தை பீரோவுக்கும் வரும், பேச்சுக்கும் வரும் என்று நான் கண்டேனா?

மார்ச் 11, செவ்வாய்

பாப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னால் அவளுக்குப் போகிற இடத்தில் இளக்காரமாகிவிட்டால்? சம்பந்தம் பேச வந்தவன் வியாபாரம் பேசினான் என்று— ராத்திரி இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மார்ச் 14, வெள்ளி

கார்டில் இருந்த எண்ணுக்குப் போன். சம்பந்தியம்மா! எழுந்து நின்றுவிட்டேன்.

"பசங்களுக்குப் பார்த்திருக்கிற வீட்டைத்தானே அன்னைக்கு எந்த மாடின்னு கேட்டீங்க? பொண்ணோட சாமானை நீங்களே ஏத்தறேன்னு சொன்னீங்கன்னு, வீட்டுக்கு வந்தும் எனக்குக் கண்ணீர் நிக்கல."

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் கேட்டால்தானே? உள்ளதை உளறிவிட்டேன்.

சிரித்தார் பாருங்கள், போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. கடைசியில், "இதுவும் மூவிங்தான்" என்றார்.

இந்தத் தடவை மாடி கேட்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. எல்லாருடைய கையெழுத்திலும் என்னுடையதுதான் கோணல்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பாப்பாவின் சாமான். மூன்று மாடியும் நானே ஏற்றினேன். "அண்ணே, இடுப்பு போயிடும், குடுங்க" என்றார்கள் நம்ம ஆபீஸ் பையன்கள். போகட்டும் என்றேன். கடைசிப் பெட்டியை இறக்கியதும் பாப்பா கட்டிக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்தாள். நான் அசரவில்லை. கண்ணில் ஒரு சொட்டு? ம்ஹூம்.

திரும்பும் வழியில் டீக்கடையில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டில் சட்டையைக் கழற்றும்போதுதான் மனைவி பார்த்தாள். முதுகில் சிவப்புச் சீட்டு: "கவனம், உடையும்."

அவள் பிய்க்கப் போனாள். "இருக்கட்டும் விடு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சீட்டு சொன்னபடியே ஆகிவிட்டது.