இருவாய்ச்சியை மாற்றாதே

குருபோங், மலாக்கா

அன்பு மகள் தேவிஸ்ரீக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நல்ல சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் கூடவே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அங்கே எடின்பரோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ குறுக்கே பத்து வார்த்தை பேசுவாய். கடிதமென்றால் கடைசிவரை வாயை மூடிக்கொண்டு படித்துத்தானே ஆக வேண்டும்.

நீ வரைந்த விலங்குப் படப் புத்தகத்தின் மாதிரிப் பிரதி வந்து சேர்ந்தது. பதிப்பகத்து அம்மா நம் ஊர்க் காட்டு விலங்குகளை எடுத்துவிட்டு நரி, முயல், கரடி என்று போடச் சொல்கிறார், அதிலும் இருவாய்ச்சிப் பறவையின் பக்கம் பிள்ளைகளின் மனதில் ஒட்டாது என்கிறார், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், பேசாமல் சரி என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். வருஷக்கணக்காக வரைந்ததை இப்படி ஒரே மூச்சில் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறாளே என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. பாலர் பள்ளியில் இத்தனை காலமாகப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள் நான், என்னைக் கேட்காமல் பிள்ளைகளுக்கு எது ஒட்டும் எது ஒட்டாது என்று முடிவு செய்ய அந்த அம்மா யார்? மறுநாளே புத்தகத்தை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் பார்த்ததுமே துள்ளுவார்கள் என்று நினைத்துப் போனால், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை! சிங்கமும் பாண்டாவும்தான் தெரிகிறது, எல்லாம் கைத்தொலைபேசியில் பார்த்தது. பன்றி உடம்பும் தொங்கும் மூக்குமாக நீ வரைந்த தாப்பிர் படத்தைக் காட்டினேன். யுவனேஸ்வரன் என்கிற வாலு எழுந்து நின்று, பன்னிக்கு யாரு டீச்சர் பெம்பர்ஸ் போட்டு விட்டா என்று கேட்டான். கறுப்பு உடம்பில் இடுப்பைச் சுற்றி அணையாடை கட்டின மாதிரி வெள்ளை, அவன் சொன்னதிலும் தப்பில்லை. எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்காக விட்டுவிடுவேனா. எல்லார் இடுப்பிலும் வெள்ளைத் துண்டைக் கட்டி, கையில் பழைய காலுறையை மாட்டி மூக்காக வைத்துக்கொண்டு, நாலு காலில் வகுப்பைச் சுற்ற விட்டேன். எறும்புத்தின்னிக்குப் பாய். ஒவ்வொருவராகப் பாயில் சுருண்டுகொள்ள, மற்றவர்கள் உருட்டிப் பார்க்க வேண்டும். இருவாய்ச்சிக்குத்தான் அப்பா உதவிக்கு வந்தார். முனுசாமி அண்ணன் கடையிலிருந்து ஐஸ்பெட்டி வந்த பெரிய அட்டைப் பெட்டியைக் காரின் மேலே கட்டிக் கொண்டுவந்து, ஒரு பக்கம் மட்டும் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுக் கொடுத்தார். தாய்ப் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், குஞ்சு வளரும் வரை தகப்பன் பறவை ஓட்டை வழியாக இரை கொண்டுவந்து ஊட்டும் என்று நீ வரைந்ததைச் சொன்னேன். ஒரு பிள்ளை உள்ளே, ஒரு பிள்ளை அட்டை மூக்கைக் கட்டிக்கொண்டு வெளியே, ஊட்ட வாழைப்பழத் துண்டு. பெட்டிக்குள் போக அடிதடி.

திவாகர் மட்டும் உள்ளே போகவே மாட்டேன் என்றான். தகப்பன் பறவையாக நின்றவன் மூக்கைக் கழற்றித் தரவும் இல்லை. அடுத்தவனுக்கும் கொடுப்பா என்றதற்கு, எங்கப்பாவும் இந்தப் பறவைதான் டீச்சர், சிங்கப்பூர்லேருந்து எல்லாம் கொண்டாந்து குடுத்துட்டுத் திரும்பப் பறந்து போயிருவாரு லா என்றான். மூக்கை அவனிடமே விட்டுவிட்டேன். கூட்டிப் போக வந்த அவன் அம்மா அன்னம்மாவிடம் சொன்னேன். அந்தப் பெண் நீ வரைந்த இருவாய்ச்சிப் படத்தைப் போனில் எடுத்து, மகன் சொன்னதையும் சேர்த்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டது.

யானைப் பக்கத்தை வேண்டுமானால் மாற்றிக்கொள், அதில் ஒரு பிள்ளையின் கண்ணும் நிற்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, வரைகிற மும்முரத்தில் காப்பித்தண்ணியிலேயே நாளை ஓட்டாதே, கண்ணுக்கும் ஓய்வு கொடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நல்லா இருக்க வேண்டும், உன் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது. மாதக் கடைசி நெருங்குகிறது, பதிலைத் தள்ளிப் போடாதே.

என்ன எழுதுவது என்று யோசிக்கவும் வேண்டாம். திங்கட்கிழமை திவாகரை அவன் அப்பாவே கொண்டுவந்து விட்டார், லீவு எடுத்துக்கொண்டு வந்தாராம். பெட்டி எங்கே டீச்சர் என்று கேட்டார். அவ்வளவு பெரிய மனிதர் காலை மடக்கிக்கொண்டு அதற்குள் போய் உட்கார்ந்தார். மகன் மூக்கைக் கட்டிக்கொண்டு வெளியே நின்று ஒவ்வொரு துண்டாக ஊட்டினான், அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். ஒட்டாது என்று சொன்ன பதிப்பகத்து அம்மாவுக்கு இதை அப்படியே எழுதிப் போடு. முடியாது என்பதை முதல் வரியிலேயே எழுது.

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மா,
பவானேஸ்வரி சேகரன்