கண்ணாடிப் பெட்டிக்குள் ஆறு ஸ்லைடுகள்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதற்காக ஐந்து மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. இப்போது அந்த வரி உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். மீதியை உன் மனைவியிடம்தான் சொல்ல வேண்டியிருக்கும். முதலில் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்.

எனக்கு மிச்சமிருந்த ஒரே சிறுநீரகத்தில் ஒரு கட்டி வந்தது. பதறாதே. அது என்ன கட்டி என்று கண்டுபிடித்தாகிவிட்டது, மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, கட்டி பாதியாகச் சுருங்கியும்விட்டது. சிறுநீரகம் என்னிடமே இருக்கிறது. இதைப் படித்ததும் உன் மனம் எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் உனக்கு ஒன்றைக் கொடுத்ததற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மூன்று டாக்டர்களிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். மூன்றாவது டாக்டர் கொஞ்சம் கடுப்பாகவே பதில் சொன்னார். உன்னிடம் இத்தனை நாள் மறைத்ததற்குத் திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு, அண்ணியை ஒன்றும் சொல்லாதே. அவளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன்.

வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி. லென்ஸ் தேய்க்கும் எந்திரத்தின் முன்னால் நாள் முழுக்கக் குனிந்து உட்காருகிறேனே, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. மாலையானால் காய்ச்சல் வந்தது. கடைக்கு வருகிறவர்கள், ஆள் இளைத்து அழகாகிவிட்டீர்களே என்றார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். உன் அண்ணிதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். ஸ்கேன் படத்தைப் பார்த்த சர்ஜன், இன்னொரு சிறுநீரகம் எங்கே என்று கேட்டார். "அது என் தம்பிகிட்ட இருக்கு டாக்டர், வெளியூர்ல நல்லா வேலை பாக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஊசி விட்டுக் கட்டியிலிருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். நூல் கனம், விரல் நகத்தின் நீளம், அவ்வளவுதான். அதற்கே இரண்டு நாள் சிறுநீரில் ரத்தம் போனது. அந்தத் துண்டு எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். அண்ணி வேலை செய்யும் லேபுக்குத்தான். மெழுகில் புதைத்து, அதைத் தாளைவிட மெல்லியதாகச் சீவி, ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டில் ஏற்றுவதுதான் இருபத்தாறு வருடமாக அவள் வேலை. நீ ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம் எங்கள் வீட்டில் இருந்தபோது, என்ன அண்ணி வேலை என்று கேட்டதற்கு, நானும் உங்கள் அண்ணனும் கண்ணாடியை வைத்துத்தான் பிழைக்கிறோம் என்று சொன்னாளே, அந்த வேலை.

அந்த நான்கு மாதத்தில் நீ அவளுக்கு ஒரு பட்டமும் கொடுத்தாய், மிச்சத்துறை அமைச்சர் என்று. அறுந்த பொத்தான், அரை மெழுகுவர்த்தி, ஒற்றைச் செருப்பு வார் எதையும் தூக்கிப் போடமாட்டாள். என் கடையில் கீல் உடைந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளையும் விடாமல் அள்ளிக்கொண்டு போவாள். இதையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுகிறாய் என்று கேட்டால், "உங்களுக்கு எதுக்கு, பேசாம இருங்க" என்பாள். நானும் பேசாமல்தான் இருந்தேன்.

லேபில் அவளுக்கு ஒரு பழக்கம். ஊசித் துண்டு எது வந்தாலும், டாக்டர் கேட்டதற்கு மேல் ஆறு ஸ்லைடு சீவிச் சாயம் போடாமல் தனியே வைப்பாள். சின்னத் துண்டல்லவா, இரண்டாவது தடவை சீவும் எந்திரத்தில் ஏற்றினால் மெழுகின் முகத்தை நிரவுவதிலேயே பாதி தேய்ந்து போய்விடுமாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த லேப் டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. வீண் செலவு என்று சொல்லி, தேவைக்கு மேல் ஒரு ஸ்லைடும் வெட்டக் கூடாது என்று எந்திரத்துக்கு நேர் எதிரே ஒரு தாளை ஒட்டிவிட்டார். தினமும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே உன் அண்ணி ஆறு ஆறாக வெட்டியிருக்கிறாள். வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும் இந்த அப்பாவிக்குள் இவ்வளவு அழுத்தம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

என் துண்டு வந்த அன்று மொத்தம் நான்கு ஊசித் துண்டுகள் வந்தனவாம். பேர் எழுதிய தாள் டாக்டரிடம் போய்விடும், வெட்டுகிறவர்களுக்கு எண் மட்டும்தான். எது என்னுடையது என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரிந்தால் வெட்டு பிசகும் என்று, நான்கையும் ஒரே மாதிரி வெட்டிவிட்டு வீட்டுக்கு வந்து எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை சர்ஜன் அறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். புற்றுநோய்தான், ஆனால் எந்த வகை என்று சொல்ல முடியவில்லை என்றார். செல்கள் நசுங்கியிருக்கின்றன, சிறுநீரகத்தின் சொந்தப் புற்றாகத்தான் இருக்க வேண்டும், தனிச் சாயங்கள் போட்டுப் பார்த்தால் உறுதியாகத் தெரியும், ஆனால் மெழுகுக் கட்டியில் துண்டு தீர்ந்துவிட்டது என்றார். மறுபடி ஊசி விட அவருக்குத் துணிச்சல் இல்லை, இருப்பது ஒன்று, முதல் தடவையே ரத்தம் போயிருக்கிறது. வியாழக்கிழமை சிறுநீரகத்தை எடுத்துவிடலாம், அதன் பிறகு ஆயுள் முழுக்க டயாலிசிஸ். டயாலிசிஸ் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன்னை அந்த எந்திரத்தோடு இரண்டு வருடம் பார்த்தவன் நான். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நம்பர் என்ன டாக்டர்?" அவர் படித்தார். அவள் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அழத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கால் மணி நேரம் கழித்துத் தேடிக்கொண்டு போனால், லேப் டாக்டரின் மேசைக்கு முன்னால் நிற்கிறாள். மேசை மேல் என் கடையின் நீல மூக்குக்கண்ணாடிப் பெட்டி ஒன்று, மூடி திறந்து. உள்ளே பஞ்சு விரித்து ஆறு ஸ்லைடுகள்.

அந்த டாக்டர் நிமிர்ந்து பார்த்து, உங்கள் வீட்டுக்காரர் என்பதால் தனியாக எடுத்து வைத்தீர்களா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பரிதாபப்பட்டு விட்டிருப்பார். இவள் போய்த் தன் அலமாரியிலிருந்து இரண்டு பெரிய பைகளைத் தூக்கி வந்தாள். மேசையில் இடம் போதவில்லை, தரையிலும் அடுக்கினாள். நீலம், கறுப்பு, பழுப்பு, என் கடையில் உடைந்த அத்தனை பெட்டிகளும் அங்கே இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண்ணும் தேதியும். "எல்லாருக்கும் வெச்சிருக்கேன் சார்" என்றாள்.

தம்பி, உனக்கு ஒன்றைக் கொடுத்த அன்றுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. எனக்காக அவள் தனியாக ஒன்றும் செய்யவில்லை என்பதில் அப்படி ஒரு பெருமை. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் செய்ததையே எனக்கும் செய்திருக்கிறாள். வேலை போனாலும் போகட்டும் என்று அத்தனையையும் எடுத்துக் காட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாளே, அப்போது நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்த டாக்டரையும் குறை சொல்லமாட்டேன். குனிந்து ஒவ்வொரு பெட்டியின் எண்ணாகப் படித்தார். பிறகு ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொல்லி, அந்த ஆறு ஸ்லைடையும் தானே பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார். அங்கே நிணநீர்ச் செல்லுக்கென்று போட்ட சாயத்தில் செல்கள் பழுப்பு நிறம் காட்டின. அது சிறுநீரகத்தின் சொந்தப் புற்று அல்ல, லிம்போமா, நிணநீர்ப் புற்று. உடம்பு முழுக்க ஸ்கேன், எலும்பு மஜ்ஜை எல்லாம் பார்த்தார்கள், வேறெங்கும் இல்லை. சிறுநீரகத்திலேயே ஆரம்பித்திருக்கிறது. முப்பது வருடத்தில் இப்படி இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன் என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். நான் மூன்றாவது ஆள், இதிலாவது ஒரு இடம் பிடித்தேன். இதற்குக் கத்தி வேண்டாம், மருந்துக்கே கரையும் என்றார். முழுக்கக் குணமாகும் என்று அடித்துச் சொல்லவில்லை, நல்ல நம்பிக்கை இருக்கிறது என்றார். அதுவே எனக்குப் போதும்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து, ஆறில் நான்கு முடிந்துவிட்டது. தலை வழவழவென்று ஆகிவிட்டது. வாய் கசக்கிறது, கால் விரல்கள் மரத்துப்போகின்றன. காலையில் இரண்டு மணி நேரம் கடையைத் திறக்கிறேன். சிறுநீரகமும் ஒழுங்காக ஓடுகிறது, கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஐந்து. உன்னுடையது எவ்வளவு என்று எழுது, யார் முந்துகிறோம் என்று பார்க்கலாம்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரி ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது, உத்தரவை மீறியதற்கு விளக்கம் கேட்டு. அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள்: தேவைக்கு மேல் எதுவும் வெட்டவில்லை. அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்திரத்துக்கு எதிரே இப்போது வேறொரு தாள் இருக்கிறது, ஊசித் துண்டு எல்லாவற்றுக்கும் ஆறு ஸ்லைடு தனியே வைக்க வேண்டும் என்று அந்த லேப் டாக்டரே கைப்பட எழுதியது. இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். லென்ஸ் மாற்ற வந்தவர் பாவம், அரை மணி நேரம் நின்று கேட்டார். பெருமையடித்தது போதும் என்று அவள் முறைக்கிறாள். நான் நிறுத்துவதாக இல்லை.

ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். அந்தச் சனிக்கிழமை, அவள் என் மடியில் பையை வைத்துவிட்டுப் போன பிறகு, கால் மணி நேரம் அந்த அறையில் நான் தனியாக இருந்தேன். மனிதன் எதையெல்லாமோ நினைக்கும் நேரம் அது. கொடுத்திருக்க வேண்டாமோ என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. நீ என்னிடம் கேட்கமாட்டாய், அதனால் நானே சொல்லிவிட்டேன்.

அண்ணிக்குத் தனியாக நாலு வரி எழுது. மிச்சத்துறை அமைச்சர் அவர்களுக்கு என்றே ஆரம்பி, சிரிப்பாள், அவள் சிரித்து நாளாயிற்று. நீ சுமப்பதும் நான் சுமப்பதும் ஒருசேர நெடுநாள் ஓடட்டும். தண்ணீர் குடிக்க மறக்காதே.

என்றும் உன்,
அண்ணன்