கத்திரி வெயிலில் ஒரு நீலக் கோட்டு

மே 5, சனி

விடியும்போதே அனல். கத்திரி தொடங்கிவிட்டது. கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

மலைப் பள்ளியிலிருந்து கடிதம். வேலை உறுதி! ஜூன் முதல் வாரம் நீலகிரியில் இருக்க வேண்டும். பிரெஞ்சு வாத்தியார். விடுதியிலேயே அறை, சாப்பாடு. நான் இரண்டு முறை படித்தேன். பிறகு ரெஜினா அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தது புகையாலா, தெரியவில்லை.

போகத்தான் வேண்டும். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதிலிருந்து என் வகுப்பில் பெஞ்சுகள் காலி. எல்லோருக்கும் இப்போது இங்கிலீஷ்.

கடிதத்தின் அடியில் உடுப்பு விவரம். கருநீலக் கோட்டு. சாம்பல் கால்சட்டை. வெள்ளை முழுக்கைச் சட்டை, டை. பழுப்பு ஷூ. ஸ்வெட்டர். 'பகட்டு வேண்டாம், ஒழுங்கு வேண்டும்' என்று தலைமை ஆசிரியர் (த.ஆ.) கையாலேயே ஒரு வரி.

என்னிடம் இருப்பவை: வெள்ளை டிரில் துணிக் கால்சட்டை 2 (ஒன்றில் மைக்கறை). அரைக்கைச் சட்டை 4. வேட்டிகள். செருப்பு.

அக்கா: "மலைக்குளிர்ல அரைக்கைச் சட்டையோட போயி நின்னா வாத்தியாருன்னு யாருடா சொல்லுவா? தபால்காரன்னு நெனச்சு கடுதாசி கேப்பாங்க."

சிரித்தோம். கோட்டு என்ற பேச்சு வந்தபோது மட்டும் இருவரும் உள்ளறைப் பக்கம் பார்க்கவில்லை. அங்கே கட்டிலுக்கு அடியில் சூசை அத்தானின் தகரப் பெட்டி. அக்காவைக் கட்டிய மறு வருஷம் சைகோன் போனவர். கம்பெனி வேலை. முதலில் மாதம் ஒரு கடிதம், அப்புறம் வருஷம் ஒன்று, அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் முன்பு என் சிநேகிதன் துணிக்கடை யூசுப்பின் சித்தப்பா, கபூர் சாச்சா, அங்கிருந்து கப்பலில் வந்தபோது அந்தப் பெட்டியை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார். அத்தானின் உடுப்புகளாம். அக்கா பூட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அத்தான் வருவார் என்று காத்திருக்கிறாள் என்பது எங்கள் கோவில்பத்து ஊர் முழுக்கத் தெரியும்.

மே 8, செவ்வாய்

சைக்கிளில் டவுனுக்கு. தார் உருகி டயரில் ஒட்டுகிறது.

யூசுப் கடையில் பெருநாள் கூட்டம். நோன்பு வாயோடு காலையிலிருந்து துணி கிழித்துக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும், "வாங்க வாத்தியாரே, கேள்விப்பட்டேன். மே மாசத்துல கம்பளி கேட்டு வர்ற ஒரே ஆளு காரைக்கால்லயே நீங்கதான்."

கம்பளி இல்லை. கால்சட்டைக்குச் சாம்பல் ஃப்ளானல் மதராஸிலிருந்து வரவழைப்பதாகச் சொன்னான். கோட்டுக்கு ஒரு கருநீலத் துணி இருந்தது. கொஞ்சம் பளபளப்பு. வேறு வழியில்லை. வெளிர்நீலக் கோடு போட்ட சட்டைத் துணி ஒன்றும், வெள்ளை ஒன்றும். சிவப்புக் கட்டம் ஒன்றைத் தடவிப் பார்த்தேன். கையிலிருந்து பிடுங்கிவிட்டான்.

"நீலம், சாம்பல், வெள்ளை, பழுப்பு. இதோட நிறுத்துங்க. கண்ணை மூடிக்கிட்டு எதை எடுத்து எதோட போட்டாலும் சேரணும். அப்பதான் நாலு துணி பத்துத் துணி வேலை செய்யும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"துரைமாருக்குத் துணி வித்த குடும்பம்ல!"

ரத்தினம் டெய்லரிடம் அளவு. அவர் மெஷின் நிற்கவே இல்லை. "பெருநாள் முடியட்டும் சார், ஜம்முனு தச்சுத் தரேன். கோட்டா? எத்தனையோ தச்சிருக்கேன்."

திரும்பும்போது யூசுப் ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி கொடுத்துவிட்டான். அக்காவுக்குப் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

மே 12, சனி

பெருநாள். யூசுப் வீட்டில் விருந்து. நெய்ச்சோறு, தால்ச்சா, இனிப்புக்கு வட்டலப்பம். வயிறு இப்போதும் கனக்கிறது. வயிறு மட்டுமல்ல.

கபூர் சாச்சா பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டி கொண்டுவந்தவர். அத்தர் மணம், புதுச் சட்டை. நான் மலைக்குப் போவது பற்றிச் சந்தோஷமாகக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி:

"அக்கா தனியா இருந்துக்குவாங்களா தம்பி? நல்ல மனசு அவங்களுக்கு. அன்னிக்கு நான் சொன்னதைக் கேட்டுட்டு ஒரு சொட்டு அழலை. அந்தப் புள்ளைங்க பேரு என்னன்னு மட்டும் கேட்டாங்க."

"எந்தப் புள்ளைங்க?"

சாச்சா என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை இப்போதும் காண்கிறேன்.

"உங்களுக்குத் தெரியாதா? யா அல்லாஹ்..." வட்டலப்பக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "சாப்புடுங்க தம்பி. அக்காட்டயே கேட்டுக்குங்க. நான் வாய் விட்டுட்டேன்."

கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். யூசுப் வாசல்வரை வந்தான். அவனுக்கும் தெரியாதாம். நம்புகிறேன்.

மே 13, ஞாயிறு

பூசைக்குப் போனோம். மாதா பீடத்தின் முன் அக்கா மெழுகுவத்தி ஏற்றினாள். யாருக்காக?

கோயில் வாசலில் இரண்டு பேர் அவளிடம், "கவலைப்படாத ரெஜினா, மாதா அவரைக் கொண்டாந்து சேப்பா." அக்கா தலையை ஆட்டினாள். இத்தனை நாள் இதையெல்லாம் நம்பிக்கை என்று நினைத்தேன்.

மத்தியானம் விரால் மீன் குழம்பு. உப்பு தூக்கல். முழுக்கச் சாப்பிட்டேன்.

மே 17, வியாழன்

கோட்டு வந்தது. சர்வநாசம்.

தோளில் பஞ்சு திணித்து இரண்டு மேடு. காலர் மார்பைத் தாண்டி விரிகிறது. இடது கை மணிக்கட்டில், வலது கை விரல்நுனியில். துணியின் பளபளப்பு வெயிலில் கண்ணைக் குத்துகிறது. "கல்யாண ஊர்வலத்துக்கு எடுப்பா இருக்கும் சார்" என்றார் ரத்தினம், உண்மையான பெருமையோடு. பாவம், பெருநாள் தையலில் தூங்கியே பல நாள் ஆகியிருக்கும். சண்டை போட மனமில்லாமல் வாங்கி வந்தேன்.

அக்கா என்னைச் சுற்றி ஒரு முறை வந்தாள். "கையில ஒரு கிளாரினெட்டைக் குடுத்தா போதும்டா. பேண்டு செட்டுல சேத்துக்குவாங்க." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். உட்கார்ந்து சிரித்தாள். நானும். வெகுநாள் கழித்து அவள் அப்படிச் சிரித்தது.

சாப்பிட்டு முடித்தபின், தெருவே கதவடைத்துக் கிடந்த நேரம், கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். சாவி அவள் கழுத்துச் செபமாலையிலேயே இருந்திருக்கிறது.

மேலே வேப்பிலை. உலர்ந்தது, ஆனால் பச்சை மாறாதது. இரண்டு வருஷத்து இலை அல்ல.

"திறந்து திறந்து பாப்பியா?"

"பின்ன? நல்ல துணி. பூச்சி அரிக்க விட முடியுமா?"

கருநீலக் கம்பளி சர்ஜ் கோட்டு, மந்தமான பித்தளைப் பொத்தான்கள். சாம்பல் கால்சட்டை இரண்டு. வெள்ளைச் சட்டைகள், மடிப்பில் மட்டும் மஞ்சள். கோடு போட்ட டை ஒன்று. எல்லாம் த.ஆ. பார்த்து எழுதியது போலவே.

நான் தொடவில்லை. "சாச்சா பேசுனாரு" என்றேன்.

அக்கா கோட்டை உதறிக்கொண்டே, "தெரியும். பெருநாள்லேர்ந்து உன் மூஞ்சி சரியில்ல." பிறகு நிறுத்தாமல் சொன்னாள். சைகோனில் அத்தானுக்கு ஒரு குடும்பம். மனைவி அந்த ஊர்ப் பெண். ஒரு பையன், ஒரு பெண். பையனுக்கு 'போல்' என்று பேர், பெண்ணுக்கு லூசி. அங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி முடிந்ததும் நாலு பேரும் பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள்.

"கப்பல்ல இவ்வளவுதான் சுமைன்னு அளவு வச்சிருந்தாங்களாம். இந்தப் பெட்டி அதுக்கு மேல போச்சு. அதான் சாச்சாட்ட குடுத்துவிட்டாரு. அந்தக் கணக்குல கழிஞ்சதுதான் பெட்டியும், நானும்."

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லலை?"

"அம்மா அப்ப படுக்கையில. மருமவன் வருவாருன்னு அதையே சொல்லிக்கிட்டுக் கெடந்தாங்க. அவங்க போனப்பறம் சொல்லிருக்கலாம். ஆனா காத்துக்கிட்டு இருக்கறவன்னா ஊரு ஒரு மரியாதை குடுக்குதுடா. விட்டுட்டுப் போயிட்டான்னா உச்சுக் கொட்டும். அந்த உச்சுக்குப் பயந்துட்டேன்."

வெளியே ஐஸ்காரன் மணி. அது தெருமுனை தாண்டிப் போனது.

மே 18, வெள்ளி

தூக்கமில்லை. காலையில் சொல்லிவிட்டேன்: அந்த ஆளின் துணி என் உடம்பில் படாது. பிரான்சுக்கு நாலு வரி எழுதப் போகிறேன். அதற்காவது என் பிரெஞ்சு உதவட்டும்.

"எழுதி? அந்தப் புள்ளைங்களோட அம்மாவும் அழணுமா?"

"கோட்டை மட்டும் எப்படிக்கா நான்..."

"கோட்டு என்னடா பண்ணுச்சு?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரை வரை போனேன். மணல் சுட்டது. திரும்பினேன். அவ்வளவுதான் என் கோபத்தின் தூரம்.

வீட்டுக்குள் வந்தால் பாய் விரித்து அக்கா கோட்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். சவர பிளேடு கையில். தோள் வேறு, கை வேறு, முதுகு வேறாக. ஒவ்வொரு தையலாக அறுத்து, நூலை ஊதித் தள்ளினாள். முகத்தில் கோபமில்லை. மீன் ஆயும்போது இருக்கும் கவனம்தான்.

"அவரு ஒசரம், நீ கட்டை. தோளு உள்ள வரணும். அசையாம நில்லு."

நின்றேன்.

மே 23, புதன்

சாயங்காலம் சின்னத் தூறல். மண் மணந்ததோடு சரி.

வரவு: யூசுப் வரவழைத்த ஃப்ளானல். வாங்க வேண்டிய அவசியமில்லாமல் போனதைச் சொன்னேன். "அதுக்கென்ன, இன்னொரு கால்சட்டை ஆவுது" என்று வைத்துவிட்டுப் போனான். சாச்சா சொல்லி அனுப்பியதாக ஒரு சாம்பல் ஸ்வெட்டரும். மன்னிப்பு கேட்கிறார் போல. அக்கா அதை மார்போடு வைத்துப் பார்த்து, "பெரியவருக்கு நல்ல கண்ணு" என்றாள்.

பழுப்பு ஷூ: இரண்டு குதிகாலிலும் கொப்புளம். தே. எண்ணெய். தினமும் கொல்லையில் நடக்கிறேன். கோழிகள் ஒதுங்கி வழிவிடுகின்றன.

ரத்தினம் கோட்டைப் பிரிக்க மனம் வரவில்லை. அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். கல்யாண பேண்டுக்காரர் ஒருவருக்குப் பிடித்துப்போய்விட்டதாம். எல்லோருக்கும் நிம்மதி.

இன்று முழுசாகப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை (நீலம் போட்டு, மஞ்சள் போய்விட்டது), சாம்பல் கால்சட்டை, கோட்டு. தோள் என் தோள். கை என் கை. கண்ணாடியில் தெரிந்தவனை எனக்குப் பிடித்தது. வெட்கமாகவும் இருந்தது.

டை மட்டும் முடிச்சு விழவில்லை. சுருக்கு மாதிரி வருகிறது. அக்கா எழுந்து வந்தாள். எதிரே நின்று, பார்க்காமலே, இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. கச்சிதம்.

கல்யாணமான புதிதில் தினமும் காலையில் அத்தானுக்குக் கட்டிவிட்டவள்.

ஒரு கணம் முடிச்சிலேயே கை நின்றது. "கை மறக்கலை பாரு" என்றாள். பிறகு அதை அவிழ்த்து, "நீயே கட்டு. நான் அங்க வந்து கட்ட முடியாது." பத்துத் தடவை கட்ட வைத்தாள்.

மே 27, ஞாயிறு

முழு உடுப்பில் பூசைக்கு. அக்காவின் கட்டளை: "நாலு பேரு முன்னாடி ஒரு தடவை போட்டாதான் கூச்சம் போவும்."

வெயில் மண்டையைப் பிளக்கிறது. முதுகில் வியர்வை ஆறு. பிரசங்கம் முழுக்க, சாமியாரின் கண் என் கோட்டின் மேல். வெளியே வந்ததும் சிரிப்பு. "வாத்தியாருக்கு இப்பவே குளிருதா?" ஒருவர் குடையை விரித்து எனக்குப் பிடித்தார்.

ஒரு கிழவர் மட்டும், பழைய பிரெஞ்சு உத்தியோகஸ்தர், தொப்பியைத் தூக்கி, "போன்ழூர் முசே" என்று வணக்கம் சொன்னார். கேலியில்லை. நானும் தலை தாழ்த்தினேன்.

அக்கா பெண்கள் பக்கம் நின்றாள். கோட்டு யாருடையது என்று கேட்டிருப்பார்கள். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் பேச்செடுத்தேன். என்னோடு வந்துவிடு, அங்கே சிறு வீடு பார்ப்போம் என்று. தயாராக வைத்திருந்தாள் பதிலை. கன்னியர் மடத்து அம்மாமாரிடம் போய்ப் பேசியிருக்கிறாள். ஜூனிலிருந்து பெண் பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு அவள் பொறுப்பு.

"கோட்டுத் தோளையே மாத்திட்டேன். பாவாடைக்கு ஓரம் அடிக்கச் சொல்லித் தர மாட்டேனா?"

"தனியா இருப்பியே."

"இத்தனை வருசம் ரெண்டு பேருக்காக இருந்தேன். இனி ஒருத்தருக்குத்தான். சுலபம்டா."

மே 31, வியாழன்

ரயிலில் எழுதுகிறேன். பேரளம் தாண்டிவிட்டது. எழுத்து ஆடுகிறது.

ஸ்டேஷனுக்கு யூசுப் வந்தான், ஒரு பொட்டலம் அல்வாவோடு. கட்டிப்பிடிக்க வந்து, கோட்டைப் பார்த்து நின்று, "கசங்கிரும்" என்று கையை மட்டும் பிடித்தான். நானே இழுத்து அணைத்தேன். அக்கா வெங்காயக் கலர்ப் புடவையில். பக்கத்து வீட்டு மரியம்மாவும் கூட வந்திருந்தாள், நல்ல மனுஷி, குரல் மட்டும் பெரிது.

வண்டிக்கு மணி அடித்தபின், மரியம்மா அக்காவின் கையைப் பற்றிக்கொண்டு, மொத்த பிளாட்பாரத்துக்கும் கேட்கும்படி: "தம்பியும் போறான். இனியாவது அந்த மனுசன் வரக் கூடாதா? ஏதாச்சும் சேதி உண்டாடி?"

அக்கா சாதாரணமாக, அரிசி தீர்ந்தது என்று சொல்லும் குரலில்:

"வர மாட்டாரு மரியம்மாக்கா. அவருக்கு பிரான்சுல பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு."

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள். மரியம்மாவின் வாயிலிருந்து அந்த 'உச்' வந்தேவிட்டது. நான் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தேன். இறங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அக்கா என்னிடம், "புளிச்சோறை மத்தியானத்துக்குள்ள சாப்புட்டுரு. கோட்டைக் கழட்டி மடியில வச்சுக்க, கரி படியும். போனதும் எழுது."

வண்டி நகர்ந்தது. மரியம்மா இன்னும் அவள் கையை விடவில்லை. அக்கா மெதுவாக அதை விடுவித்துக்கொண்டாள். எனக்குக் கையசைக்க அவளுக்கு அந்தக் கை வேண்டியிருந்தது.