கைமாத்து அரிசி

ஐப்பசி 3, திங்கள். தூறல்.

அதெல்லாம் ஒன்றுமில்லை, அரிசி நிறுக்கிற வேலைதான். கேட்கிறவனுக்கெல்லாம் இதைச் சொல்லியே வாய் வலிக்கிறது. நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இது போதும். தராசு, அவுன்ஸ் எடைக்கல், கட்டம் போட்ட தாள். ராயபுரத்தில் ஒரு சந்து, பன்னிரண்டு வீடு, ஐந்து நாள். எந்த வீடு எவ்வளவு தின்கிறது என்று, உலையில் போடுமுன் நிறுத்து எழுதணும்.

குறைவாகத் தின்கிற வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர். அதை முன்னாடியே சொல்லக் கூடாது, சொன்னால் அரிசியை ஒளித்துவிடுவார்கள் என்று சூப்பர்வைசர். சொல்லவில்லை.

கடைசி வீடு கன்னியம்மா. புருஷன் துறைமுகத்தில் கரி சுமக்கிறவன், இப்போது கால் நசுங்கிப் படுக்கை. பெண் குழந்தை, ஒரு வயசு, பாதம் வீங்கி, அழக்கூடத் தெம்பில்லை. அரிசி மட்டும் முப்பது அவுன்ஸ்.

4, செவ்வாய். நல்ல மழை. இருக்கிற ஒரு சட்டையும் ஈரம்.

கன்னியம்மா மறுபடி முப்பது. ஆனால் கூரை ஒழுகி அடுப்புச் சாம்பல் சேறாகக் கிடக்கிறது. மூட்டி எத்தனை நாளோ.

வெளியே வந்து பீடி பற்றவைத்தேன். அவள் முறத்தோடு பக்கத்து வீட்டு லூர்து வாசலில், அரிசியைத் திருப்பிக் கொட்டுகிறாள்.

"ஒரு மணி கொறயாம கீது, பாத்துக்க."

"நாளிக்கும் வோணுமா?"

"தராசு வந்தா சந்தே எட்டிப் பாக்குது. வெறும் மொறத்த நீட்ட சொல்றியா?"

கைமாத்து! தாளில் அதற்குக் கட்டம் இல்லை. சிரிப்பு வந்தது.

5, புதன். மழை. சலிப்பு.

முப்பது. நிறுத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்துகொண்டேன்.

"சட்டில போடு."

"நீ போ நைனா, நான் போட்டுக்கறேன்."

"போடறதப் பாத்துட்டுதான் போவணும். சட்டம்."

அப்படி ஒரு சட்டம் கிடையாது. அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். வாசலில் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். முறத்தைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டாள். நனைந்த அரிசியை யார் திருப்பி வாங்குவார்கள்?

லூர்து கத்தல், சந்து முனை வரை:

"எம் புள்ளைங்க இன்னாத்த துன்னும்? ஜம்பத்துக்கு என் அரிசிதான் கெடச்சுதா? இனிமே எங்க வூட்டாண்ட வந்தே, கால ஒடிப்பேன்!"

கன்னியம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சோற்று வாசனைக்குக் குழந்தை கண்ணைத் திறந்தது.

6, வியாழன். வெறும் முறம். 0.

"இன்னிக்கு வெரதம் நைனா."

7, வெள்ளி. 0.

"இன்னிக்குமா?"

"ஆமா. பெரிய வெரதம்."

8, சனி. மழை விட்டது.

சூப்பர்வைசர் தாளைத் தட்டினார். "மூணு நாள் முப்பது முப்பதுன்னு தின்ன வீடு, அப்புறம் பூஜ்யமா? நீ அங்கே போகவே இல்லை."

"போனேன் சார். அது கைமாத்து அரிசி."

"கைமாத்துக்குக் கட்டம் எங்கே இருக்கு, காட்டு?"

இல்லை.

"முப்பது போடு. இல்லேன்னா தராசை வெச்சிட்டுக் கிளம்பு."

0-க்கு முன்னால் ஒரு 3. இரண்டு இடத்தில். அழிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

10, திங்கள். வெயில் சுள்ளென்று.

பால் பவுடர் வந்துவிட்டது. எதற்கு நிறுத்தோம் என்று சந்துக்கு இன்றுதான் தெரியும். வரிசையில் முதல் ஆள் கன்னியம்மா. விடியும்போதே வந்தாளாம். தோளில் குழந்தை, கையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஒரு குண்டான்.

"பேரு கூப்புட்றவன் நீதானே நைனா? எம் பேரு எத்தினியாவது?"

"அவ்ளோ பெரிய வெரதம் இருந்தவ, இன்னும் கொஞ்சம் இரேன்."

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள், குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு.

பட்டியல் என் சட்டைப் பையில். ஏழு பெயர். அவள் பெயர் இல்லை. சூப்பர்வைசர் வாசிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறார். போகணும்.