அரை வரி

திருநகர், மதுரை-6
10.11.2002

அன்பு மகள் அஸ்வினிக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் சுகம். புனேயில் குளிர் தொடங்கியிருக்கும், பாப்பாவுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. போனில் சொல்ல வாய் வராத ஒரு விஷயம் இருப்பதால் கடிதம் எழுதுகிறேன்.

நம் தெருப் பூங்காவைக் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பில் விட்டது உனக்குத் தெரியும். வீட்டுச் சொந்தக்காரர்களிடம் வருடத்துக்கு இருநூற்று நாற்பது ரூபாய் வரி வாங்குகிறோம். தோட்டக்காரர் கருத்தக்கண்ணன் சம்பளம், மோட்டார் கரண்டு பில், மாடு உடைக்கிற வேலி எல்லாம் அதில்தான். மில்லில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் என்று செயலாளர் வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் மிதப்புதான், மறைப்பானேன்.

வரி என்றதும் எனக்கு நம் ஊர்க் கோயில் கும்பிடுக்கு வீட்டுக்கு வீடு வரி பிரிப்பதுதான் ஞாபகம் வந்தது. ஆம்பளை இருக்கிற வீடு முழுத் தலைக்கட்டு. புருஷனை இழந்தவள் வீட்டுக்கு அரை வரி. அவளுக்குப் பிரசாதம் உண்டு, ஊர்க் கூட்டத்தில் பேச்சு கிடையாது. யாரும் கேட்காமலே அந்த வழக்கத்தைத் தூக்கிவந்து சங்கத்து நோட்டில் வைத்தேன். சலுகை செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

பதினாலாம் நம்பர் ரெங்கம்மாளை உனக்குத் தெரியுமே, தபால் ஆபீசில் வேலை பார்க்கிறவர். புருஷன் இறந்தபிறகு லோன் போட்டுத் தானே கட்டிய வீடு அது. போன மாதக் கூட்டத்தில், பூங்காவுக்குப் பெயர்ப்பலகை வைக்க அவர் வீட்டெதிரே நிற்கிற புங்கை மரத்தை வெட்டுவதாகப் பேச்சு வந்தது. அவர் எழுந்து, பலகையை நாலடி தள்ளி வைக்கலாமே என்றார். நியாயமான பேச்சுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அரை வரி வீட்டுக்குப் பேச்சு இல்லம்மா, உக்காருங்க" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் உட்காரவில்லை. "ஏண்ணே, பாதிக் காசு கட்டுனா பாதிப் பேச்சாவது பேசலாம்ல?" என்று கேட்டார். பையிலிருந்து நூற்றிருபது ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்து, முழு வரி என்று ரசீது போடச் சொன்னார். அப்புறம் பார்க்கலாம் என்று சமாளித்தேன். ரசீது இல்லாமலே போய்விட்டார். இரண்டு நாளில் மரத்தை வெட்டினார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள் அவர் பணத்தை வரவு வைக்க நோட்டைப் புரட்டினேன். இருபத்திரண்டாம் நம்பரில் கண் நின்றுவிட்டது. அஸ்வினி, அரை. என் கையெழுத்துதான். மாப்பிள்ளை முத்துக்குமரன் உயிரோடு இருந்தபோது உனக்காக ஆசையாக வாங்கிய வீட்டுக்கு நேரே, ஆடி மாதம் நானே எழுதியிருக்கிறேன். எழுதியது நினைவுகூட இல்லையம்மா. பெற்ற மகளைப் பாதியாக எழுதிவிட்டு அடுத்த நம்பருக்குப் போயிருக்கிறேன்.

சித்திரையில் நீ வந்து, அந்த வீட்டிலேயே வந்து இருந்துகொள்கிறேனப்பா என்று கேட்டாய். தனிப்பொம்பளை தனி வீட்டில் இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், விற்றுவிடு என்றேன். நீ மறுநாளே ரயில் ஏறினாய். நாலு பேர் யாருமில்லை, நான் ஒருத்தன்தான் என்று இப்போது தெரிகிறது.

ரெங்கம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கோபிக்கவில்லை. காப்பி கொடுத்தார். "எங்கிட்ட சொன்னது போதும்ண்ணே, அதைக் கூட்டத்துல சொல்லுங்க" என்றார். டிசம்பர் முதல் தேதி கூட்டம். அரை வரியை அடித்துவிட்டு, நான் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டும். அத்தனை பேர் முன்னால் நிற்பதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்வேன்.

உன் வீட்டை வாங்க வந்த மேலூர்க்காரரிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன். குடியிருப்பவர்கள் தை மாதம் காலி செய்கிறார்கள். வேறு ஆளுக்கு விடட்டுமா என்று உன்னைக் கேட்கிறேன். வாசல் சாவி உன்னுடையது, நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் வரியில் நான் கட்டிய அரை போக மீதி நூற்றிருபது ரூபாயை மணியார்டரில் அனுப்பு. என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. நான் கட்டினால் அது மறுபடியும் அரைதான். உன் பணம் வந்ததும் முழுத் தலைக்கட்டு என்று உன் பெயரில் ரசீது எழுதி வைக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன், நீ வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நீயும் பாப்பாவும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
நல்லகாமன்