ஒட்டன்சத்திரத்தில் நீ சொன்ன பொய்

மச்சான்,

காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடைக்காரர் பழைய டியூபை நீளவாக்கில் கத்தரித்துக்கொண்டிருந்தார். அந்த ரப்பர் வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து தொலைத்தது. உன் சட்டையில் எந்நேரமும் அடிக்கிற வாசம்தானே அது. செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு எனக்கும் பத்து வார் வெட்டித் தரச் சொன்னேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இந்தத் தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டத்தின் சாமான் கட்டுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

நாற்பது பேர் பழனிக்கு நடப்போம். பை, போர்வை, சமையல் சாமான் எல்லாம் உன் குட்டியானை வண்டியில் பின்னாலேயே வரும். நீ எதையும் டியூப் வாரால்தான் கட்டுவாய். முடிச்சுப் போடமாட்டாய், நுனியை மடித்துச் சொருகிவிடுவாய், ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும். பையின் காதில் வீட்டுக்கு ஒரு கலராக ரப்பர் பேண்டு மாட்டியிருப்பாய். அகரத்து வீட்டுக்குப் பச்சை, எங்கள் வீட்டுக்குச் சிவப்பு. யார் வந்து கேட்டாலும் பார்க்காமலே கையை விட்டு உருவித் தருவாய். "கட்டுறது பெருசில்ல மாப்ள, அவுக்கத் தோதா கட்டணும்" என்று அதற்கு ஒரு விளக்கம் வேறு.

கூட்டத்தில் பொம்பளைகள் அம்புட்டுப் பேரும் அண்ணே அண்ணே என்று உன்னையே சுற்றுவார்கள். என் பெண்டாட்டி இருக்கிறாளே, அவளுக்கு நீ கூடப் பிறக்காத குறைதான். வீட்டில் நான் ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டி வைத்தால் போதும், அண்ணன் வந்து கட்டட்டும் என்று என் கண்ணெதிரே அவிழ்த்துப் போடுவாள். எனக்கு வயிறு எரியாதா? நன்றாக எரிந்தது. செத்துப்போனவனிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு வருசம் கிளம்புவதற்கு முந்தின நாள் மதுரையில் உனக்கு அவசர வேலை வந்துவிட்டது. வண்டியை என் ஜெராக்ஸ் கடை வாசலில் விட்டாய். காலையில் வேறு டிரைவர் வருவார், நீ மூட்டையை மட்டும் கட்டி வை, நான் வழியில் சேர்ந்துகொள்கிறேன் என்றாய். வாரெல்லாம் சீட்டுக்கு அடியில் இருப்பதாகவும் சொன்னாய். உன் வாரை நான் தொடுவேனா? கரண்டு வேலைக்காரர்கள் ஒயரைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் டேக் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். ராத்திரி எல்லாரும் போனபின் தனியாக நின்று பைகளின் காதுகளை ஒன்றோடொன்று கோத்து, வண்டிக் கம்பியோடு சேர்த்து இழுத்தேன். கரகரவென்று பல் இறங்கி இறுகும்போது அப்படி ஒரு சந்தோசம். ஆட்டிப் பார்த்தேன், ஒரு பை அசையவில்லை. இனி மச்சான் எதற்கு என்றுகூட நினைத்தேன். அதை வெட்டித்தான் எடுக்க முடியும் என்பது மட்டும் புத்தியில் உறைக்கவில்லை.

ஒட்டன்சத்திரத்துக்குச் செத்த முன்னால், ரோடு வேலை நடந்த இடத்துப் புழுதியில் என் பெண்டாட்டிக்கு வீசிங் வந்துவிட்டது. மூச்சுக்கு இழுக்கிற பம்பு பைக்குள் இருந்தது. பை வண்டியில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. மேலே கிடந்த அத்தனை பையும் பூட்டுப் போட்டதுபோல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. அரிவாள்மனையைத் தேடினால் அதுவும் அந்தக் கட்டுக்குள்தான். பல்லால் கடித்தேன். அவள் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நீ பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தாய். யாரோ ஒரு பொம்பளையிடம் ஊக்கு வாங்கி, டேக்கின் வாய்க்குள் விட்டு நெம்பினாய். பல் விட்டுக்கொடுத்தது. ஒன்று, இரண்டு, நாலு என்று உருவிப் போட்டு பம்பை எடுத்து அவள் வாயில் வைத்தாய். என் டேக்கை அவிழ்க்கவும் உனக்குத்தான் தெரிந்திருந்தது.

அவளுக்கு மூச்சு திரும்பியதும் கூட்டத்தை நடத்துகிற குருசாமி கத்தினார், எவன்டா இப்படிக் கட்டியது என்று. நான் குனிந்து நீ உருவிப் போட்ட டேக்கைப் பொறுக்கினேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய்.

"நாந்தேன் சாமி. மதுரைக்குப் போற அவசரத்துல கிடச்சத வச்சுக் கட்டிப்பிட்டேன்."

அத்தோடு விட்டார்கள். அண்ணனுக்கே கை தப்பிப்போச்சே என்று உனக்காகப் பரிதாபப்பட்டார்கள். தப்பு செய்தேன் என்று சொல்லியும் நல்ல பேர் வாங்க உன்னால்தான் முடியும். அன்றைக்குப் பழனி வரை உன்னோடு பேசாமல் நடந்தேனே, வெட்கத்தில் என்று நினைத்திருப்பாய். பாதிதான் வெட்கம். மீதி பொறாமை. பிறகும் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரு தடவையாவது குத்திக் காட்டியிருந்தால் உன்னை வெறுத்துத் தொலைத்திருப்பேன்.

இன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தில் உப்பு கூடிவிட்டது என்று அவளை வைதேன். கடையிலிருந்து வாங்கி வந்ததே உப்பு நார்த்தங்காய், அதை வாங்கியவன் நான். அவள் சண்டைக்கு வரவில்லை. கரண்டியை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"எங்கண்ணன் ஆயுசுல ஒரே ஒரு தப்புப் பண்ணுனாரு. அதையும் அம்புட்டுப் பேரு முன்னால நாந்தேன்னு ஒத்துக்கிட்டாரு. நீங்க என்னைக்காச்சும் ஒண்ண ஒத்துக்கிட்டிருக்கீகளா?"

நாந்தேன் கட்டினேன் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது மச்சான். சொன்னால் உன்னை இன்னும் ஒரு படி மேலே தூக்கி வைப்பாள். சோற்றோடு சேர்த்து முழுங்கிவிட்டேன்.