எத்தனை தடவை என்று கேட்டார்கள்

பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்த அலைகளைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு பெட்டியில் அலை வளைந்து வளைந்து போனது. பக்கத்துப் பெட்டியில் அதே அலை படிக்கட்டு மாதிரி மூலை மூலையாக ஏறி இறங்கியது. இரண்டும் இன்வெர்டர்தான். இரண்டிலும் ஐந்நூறு வாட்ஸ் என்றே போட்டிருந்தது. பிறகு ஏன் ஒன்றுக்கு வளைவு, ஒன்றுக்கு மூலை? உன்னிடம் கேட்கலாம் என்று சட்டென்று இடதுபக்கம் திரும்பினேன். நீ எப்போதும் நிற்கும் பக்கம். அங்கே விற்பனைக்கு வைத்த மேசை விசிறி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் திரும்பிவிடுகிறேன்.

நாம் எந்தக் கடைக்குப் போனாலும் நீதான் பேசுவாய். ரீசார்ஜ் கடையில் என் நம்பரைக்கூட நீதான் சொல்வாய். "அவளுக்கு வாய் இல்லியா?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டதற்கு, "இருக்கு அண்ணாச்சி, எனக்கு வாடகைக்கு விட்டுருக்கா" என்றாயே. கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. உன் முதுகுக்குப் பின்னால் நிற்பது எனக்கு வசதியாக இருந்தது.

இன்று நான் தனியாகப் போகவில்லை. படகுக்காரர் சம்மாட்டி கூட வந்தார். அவருடைய வல்லத்தில்தான் அப்பா தங்கல் தொழிலுக்குப் போகிறார். போனால் ஐந்தாறு நாள் கடலிலேயே கிடந்து மீன்பிடித்துவிட்டு வருகிற தொழில். போன தங்கலில் அப்பாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது. வாயில் அடிக்கிற மருந்து கேட்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன நெபுலைசர் மெஷினை, செல்போன் சார்ஜ் போட வைத்திருந்த சின்ன இன்வெர்டரில் சொருகினார்களாம். மெஷின் உறுமியது, மருந்துப் புகை வரவில்லை. வலையை இழுத்து ஏற்றிக்கொண்டு பாதியிலேயே கரைக்குத் திரும்பினார்கள்.

இதையெல்லாம் அப்பா என்னிடம் சொல்லவில்லை. சம்மாட்டி வந்து வாசலில் நின்று சொன்னார். "ஒருக்காதான் வந்துச்சு, இனிமே வராதுன்னு ஒங்க அப்பன் சொல்லுதான். வந்துச்சுன்னா நடுக்கடல்ல நான் என்னளா செய்ய? மெஷின் ஓடுத மாதிரி ஒரு இன்வெர்டர் வாங்கிப் போடுவோம். ஓடுச்சுன்னா கூட்டிட்டுப் போறேன்." அப்பா கட்டிலில் இருந்தபடி, "கடைத்தெருத் தூசி எனக்கு ஒத்துக்காது, மகளைக் கூட்டிட்டுப் போங்க, மெஷின் அவளுக்குத்தான் தெரியும்" என்றார். அப்புறம் நான் மெஷினைப் பையில் வைக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "எத்தன தடவன்னு கேட்டா, எப்பவாச்சும் ஒருக்கான்னு சொல்லு, என்னா?"

நான் தலையை ஆட்டினேன். எனக்கு வருவது அதுதானே.

கடையில் ஆரம்பத்திலிருந்தே எனக்குக் குழப்பம்தான். சம்மாட்டி இருப்பதிலேயே பெரிய பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "ஆயிரத்தி ஐநூறு. இதயே எடுத்துருவோம். பெருசுன்னா தாங்கும்."

கடை அண்ணாச்சி சிரித்தார். "கடல்ல சட்னி அரைக்கப் போறீரோ? இது சும்மா ஆன்ல கெடந்தாலே பேட்டரியக் குடிச்சிரும். அப்புறம் ஜிபிஎஸ்ஸுக்கும் வயர்லெஸ்ஸுக்கும் கரண்டுக்கு எங்க போவீரு? மீன்ட்ட கேப்பீரோ?"

"அப்ப சின்னதுல உறுமுச்சே?"

"உறுமத்தான் செய்யும். அந்த மெஷினுக்குள்ள மோட்டார் இருக்குல்லா? கெளம்பும்போது ரெண்டு பங்கு, மூணு பங்கு இழுக்கும்." பிறகு படிக்கட்டு அலை போட்ட பெட்டியைக் காட்டினார். "இது லைட்டுக்கு, சார்ஜருக்கு ஓகே. மோட்டார போட்டா சூடாவும், கத்தும்." வளைந்த அலைப் பெட்டியைக் காட்டினார். "இதுல வாரது வீட்டுக் கரண்டு மாதிரி. மெஷினுக்குத் தெரியாது, வீட்டுல இருக்கமா கடல்ல இருக்கமான்னு."

சிறிசு ஆகாது, பெரிசும் ஆகாது, ஒரே அளவாக இருந்தாலும் அலை வேறாக இருந்தால் ஆகாது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு இது எல்லாம் எங்கே ஏறும்? அம்மா இறால் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நீ பன்னிரண்டு முடித்து ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிக்கப் போனாய். உன் நீலச் சட்டையில் டெஸ்டரைச் சொருகிக்கொண்டு சைக்கிளில் வருவாய்.

அண்ணாச்சி என்னிடம், "மெஷினு எவ்வளவு இழுக்கும்மா?" என்று கேட்டார். அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. இந்த மெஷினை வாங்கி வந்த அன்று நீ எங்கள் வீட்டில் இருந்தாய். பெட்டியைப் பிரித்ததும் மெஷினைத் தலைகீழாகத் தூக்கிவிட்டாய். அப்பா பதறினார். "ஏளா, மருந்து கொட்டிரும், கீழ வையி!"

"சித்தப்பா, மருந்து இன்னும் ஊத்தவே இல்ல."

அம்மா சிரித்த சிரிப்பில் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ அடியில் ஒட்டியிருந்த சீட்டை என்னிடம் காட்டினாய். "எதுன்னாலும் அடியில ஒட்டிருக்கதப் படி. மேல எழுதிருக்கது பூரா விளம்பரம்."

மெஷினைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பி அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "சரியான பிள்ள" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நீ இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் ஓட்டியிருப்பாய்.

வளைந்த அலைப் பெட்டி என்று முடிவாயிற்று. அதிலும் இரண்டு அளவு இருந்தது. அது போக பேட்டரி இருந்தது. எங்கள் வல்லத்து என்ஜினில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. கரைக்கு வந்ததும் பேட்டரியைத் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு போவார்கள். ஏற்றிக்கொண்டு போன கரண்டுதான் ஐந்தாறு நாளுக்கும். அண்ணாச்சி ஓர் அட்டையின் பின்பக்கம் கோடு கிழித்தார். ஜிபிஎஸ், வயர்லெஸ், லைட்டு என்று எழுதினார். கடைசியில் மெஷின் என்று எழுதிவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தன தடவ புகை வைப்பாரு?" என்றார்.

"எப்பவாச்சும் ஒருக்கா" என்று சம்மாட்டி சொன்னார். "ஒரு நாளைக்கு ஒருக்கான்னே போடும். கூட இருக்கட்டும்."

"அப்ப இருக்க பேட்டரியே தாங்கும்."

உண்மையில் ஒரு நாளைக்கு நான்கு தடவை. அம்மா ஐந்து மணிக்குக் கம்பெனி வேனில் ஏறியதும் ஒன்று. அவள் திரும்புவதற்குள் இன்னும் இரண்டு. அம்மாவுக்குத் தெரிந்தது சாயங்காலம் வைப்பது மட்டும்தான். எனக்குத்தான் எல்லாம் தெரியும். நான் பேசமாட்டேன் என்பதால் எல்லோரும் என் முன்னால் மறைக்காமல் இருக்கிறார்கள்.

நீயும் அப்படித்தான் செய்தாய். காய்ச்சலோடு என் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு, "ரெண்டு நாள்ல பிராக்டிகல் முடிஞ்சிரும். அம்மாட்ட மட்டும் சொல்லிராத, போக விட மாட்டா" என்றாய். நான் மாத்திரை வாங்கி வந்தேன். கஞ்சி வைத்தேன். சொல்லவில்லை. மூன்றாம் நாள் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டெங்கு என்றார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்து, "ஒன்ட்ட எதுவும் சொன்னாளாம்மா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். இப்போது உன் அம்மா வருகிற தெருவில் நான் போவதில்லை.

முதல் நாளே சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. உன் மேல் கோபப்படுவதா, என் மேலா, அதுவும் தெரியவில்லை. சொல்லாதே என்று நீ சொன்னதைக் கேட்டேன். உன் பேச்சைக் கேட்டது ஒரு தப்பா?

அண்ணாச்சி கடைசிக் கோடு போட்டு முடிப்பதற்குள் இவ்வளவும் மனதில் ஓடியது. உண்மையைச் சொன்னால் சம்மாட்டி அப்பாவைக் கூட்டிப்போக மாட்டார். அப்பா என் முகத்தில் விழிக்க மாட்டார். கரையில் உட்கார்ந்திருப்பது அவருக்கு மூச்சு வாங்குவதைவிடக் கஷ்டம். சொல்லாவிட்டால் இன்வெர்டர் ஓடும், அப்பா போவார், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பேட்டரி இறங்கும், மெஷின் நிற்கும், வயர்லெஸ்ஸில் ஆள் கூப்பிடவும் கரண்டு இருக்காது. அல்லது சம்மாட்டி இன்னொரு பேட்டரி ஏற்றலாம். ஏற்றமாட்டேன் என்றும் சொல்லலாம். நாலு தடவை புகை வைக்கிற ஆள் கடலுக்கே போகலாமா என்று ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை. அங்கேயும் நான்தான் கூடப் போனேன். அங்கேயும் தலையைத்தான் ஆட்டினேன். சரியான பெட்டியை வாங்கிக் கொடுத்தால் அப்பாவுக்கு நல்லது செய்கிறேனா, அவரை அனுப்பிவைக்கிறேனா? யோசிக்க யோசிக்க எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

அண்ணாச்சி பெட்டியைக் கட்டக் கயிறு எடுத்தார்.

"ஒருக்கா இல்ல" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா?"

"ஒருக்கா இல்ல, அண்ணாச்சி. நாலு தடவ."

சம்மாட்டி என் பக்கம் திரும்பினார். "நாலா? எப்பருந்துளா?"

நான் அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலில் இருந்து சொன்னேன்.